பார்வை நூல்களைப் பற்றிய வாசகர் கருத்துகளை எப்படி எடைபோடுவது?

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் படிப்பகம் நடத்திவரும் இளைஞர்கள் சிலர் கேட்டிருக்கும் கேள்வி இது. அகராதி, கலைக்களஞ்சியம், மாவட்ட வரலாறு, நாட்டார் வழக்காறு, பறவை, சமையல், சித்த மருத்துவம் எனப் பலவகைக் கட்டுரை நூல்களையும் பார்வை நூல்களையும் வாங்க எண்ணி, அவற்றை முன்பே படித்தவர்கள் சொன்ன கருத்துகளை அவர்கள் திரட்டியிருக்கிறார்கள். ஒரே நூலை ஒருவர் இணையற்றது என்கிறார், இன்னொருவர் காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். யாரை நம்பி வாங்குவது என்பதே அவர்கள் கேள்வி. திரட்டிய கருத்துகளையும் உடன் அனுப்பியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் நூலகப் பணியில் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாவலைப் பற்றி ஒருவர் சொல்லும் கருத்தில் அவருடைய சுவை தெரிந்தால் போதும்; நம் சுவை அவர் சுவையோடு ஒத்துப்போகுமானால் அவர் பேச்சை நம்பி வாங்கலாம். அகராதியும் வரலாற்று நூலும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றிடம் நாம் ஏதோ ஒரு கேள்வியோடு போகிறோம். ஆகவே கருத்துச் சொல்பவர் எந்தக் கேள்வியோடு போனார், எந்தப் பதிப்பைப் பார்த்தார், தேடியது கிடைத்ததா இல்லையா என்ற மூன்றையும் சொல்லியிருந்தால் மட்டுமே அந்தக் கருத்து அடுத்தவருக்கு உதவும். இந்த மூன்றும் இல்லாத புகழ்ச்சியையும் வசையையும் உங்கள் திரட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்தபின் எஞ்சுபவை கொஞ்சமாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாற்றைப் பற்றித்தான் உங்கள் திரட்டில் சச்சரவு அதிகம். 1881இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், மிகப் பழங்காலத்தில் தொடங்கி, 1801இல் இந்தச் சீமை கம்பெனி ஆட்சிக்குள் முழுதுமாக வந்ததோடு முடிகிறது. பாதிரியார் கம்பெனிக்குச் சாதகமாக எழுதிவைத்த நூல் என்று ஒருவர் அதை ஒதுக்குகிறார். இதைப் படிக்காமல் நெல்லை வரலாறு பேசவே கூடாது என்கிறார் மற்றொருவர். முன்னவர் பாஞ்சாலங்குறிச்சியின் தரப்பு நியாயத்தைத் தேடிப் போயிருக்கிறார், அது அங்கே கிடைக்காது. பின்னவர் பாளையக்காரர் போர்களைப் பற்றிக் கம்பெனி அதிகாரிகள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று பார்க்கப் போயிருக்கிறார். அதற்கு அந்நூலைப் போல உதவுவது வேறில்லை. இருவர் சொல்வதும் சரி.

இருவருமே சொல்லாத ஒன்று உண்டு. அந்நூலின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒரே தரத்தவை அல்ல. கால்டுவெல் அதை எழுதியபோது பத்துப்பாட்டு அச்சேறவில்லை, உ.வே. சாமிநாதையர் அதைப் பதிப்பித்தது 1889இல், புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழத் தொடங்கியதும் 1899இல்தான். பாண்டியர் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுத்து வெளியிடும் வேலையும் கால்டுவெல் நூலுக்குப் பிந்தியது. கொற்கையிலும் காயலிலும் கால்டுவெல் தாமே இறங்கித் தேடிப்பார்த்தவர் என்றாலும், பழைய பாண்டியரைப் பற்றி அவர் எழுதியவற்றை அக்காலத்து அறிவின் எல்லை எதுவரை இருந்தது என்று காட்டும் சான்றாக மட்டுமே இன்று படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றிய அதிகாரங்களோ இன்றும் வலுவாக நிற்கின்றன. ஆகவே இந்நூலுக்கு ஒட்டுமொத்தமாக மதிப்பெண் போடுகிற எவருடைய கருத்தும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

கட்டபொம்மன் வரலாறு உங்கள் உறுப்பினர்கள் அனைவரையும் ஈர்ப்பது என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிப் போரிட்டார். இந்த இரண்டாம் போரில் கம்பெனிப் படையில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் தம் படைத்துறை நினைவுகளை 1830இல் வெளியிட்டார். எதிரியின் நினைவுகள்தாமே என்று அதைத் தள்ளிவிடும் வாசகர், ஊமைத்துரையை அந்த எதிரி எவ்வளவு வியந்து எழுதியிருக்கிறார் என்பதை இழந்துவிடுகிறார். கால்டுவெல்லும் வெல்ஷிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறார். மக்கள் இந்தப் போரை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்று அறிய விரும்புகிறவர், நாங்குநேரி ஊரினரான நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட கட்டபொம்மு கதைப்பாடலை எடுக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த கே. ராஜய்யனின் ஆங்கில நூல், 1800–1801இல் தென்னாட்டில் பல இடங்களில் எழுந்த கிளர்ச்சிகளை ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே போராகக் காண்கிறது. கதைப்பாடலில் தேதி தேடி ஏமாந்தவரின் கருத்து உங்கள் திரட்டில் இருக்கிறது. அது நூலின் குறையன்று. தேதிக்காகப் போக வேண்டிய இடம் அதுவல்ல. கால்டுவெல், வெல்ஷ், கதைப்பாடல், ராஜய்யன் என்ற இந்த நான்கில் ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால் எதை வாங்குவது என்று கேட்டால், கதைப்பாடலை வாங்குங்கள் என்பேன். மற்ற மூன்றில் பழைய இரண்டும் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.

அடுத்தது 1917இல் எச்.ஆர். பேட் எழுதி அரசு வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் என்னும் மாவட்ட விவர நூல். எங்கள் ஊர் இதில் இல்லை, ஆகவே முழுமையற்றது என்று செங்கோட்டைக்காரர் ஒருவர் சொல்லியிருப்பதைக் கண்டேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அதைப் பற்றி அறிய நாகமய்யாவின் 1906ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் 1910இல் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய்விட்டன. எனவே அவை கால்டுவெல்லின் திருநெல்வேலியில் உண்டு, பேட்டின் திருநெல்வேலியில் இல்லை. மறுபுறம், இன்றைய தூத்துக்குடி மாவட்டமும் (1986), தென்காசி மாவட்டத்தின் பெரும்பகுதியும் (2019) அதே நூலுக்குள் அடங்கியிருக்கின்றன. பழைய மாவட்ட நூல்களில் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு, மக்கள் தொகை இவ்வளவு குறைந்ததா, நன்செய் இவ்வளவு சுருங்கியதா என்று வியக்கும் கட்டுரைகளை அடிக்கடி பார்க்கிறோம். எல்லை மாறியதைப் பார்க்காததால் வரும் பிழைகளில் இது மிகச் சாதாரணமானது. அதே நேரத்தில் மிகுந்த தீங்கு செய்வதும் கூட. பேட்டின் நூலை வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, பாசனத்தைப் பற்றிய அதிகாரத்தில் தொடங்குங்கள் என்பதே. கோடைமேலழகியான் அணையிலிருந்து மருதூர் அணை வரையிலான பழைய ஏழு அணைக்கட்டுகளையும், வெள்ளைக்காரர் காலத்து ஸ்ரீவைகுண்டம் அணையையும் அறிந்துகொண்டால், நம் ஊர்களின் உழவும் வரியும் வழக்குகளும் அந்தக் கால்வாய்களை ஒட்டியே அமைந்தவை என்பது விளங்கும். வரலாற்றில் ஆர்வமில்லாத விவசாயிகளும் அந்த அதிகாரத்தை விரும்பிப் படிப்பார்கள். வரப்பு வாய்க்கால் தகராறு உள்ள ஊரில் அதற்கு வாசகர் குறையவே மாட்டார்கள்.

டேவிட் லட்டன் 1985இல் வெளியிட்ட தென்னிந்திய உழவர் வரலாறு முழுக்க நம் சீமையைப் பற்றியது. கடினமான நூல் என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள், உண்மைதான். ஆற்றுப்பாசன நன்செய்ப் பகுதி, வானம் பார்த்த புன்செய்ப் பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று இந்தச் சீமையைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நில உரிமையும் சாதியமைப்பும் எப்படி வேறுவேறாக வளர்ந்தன என்று அது காட்டுகிறது. பொருளியல் அல்லது வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரேனும் உங்கள் படிப்பகத்துக்கு வருவாரானால் அவருக்காக வாங்கலாம். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

அந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால், அகராதிகளைப் பற்றிய சண்டையும் தீரும். கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியில் எங்கள் ஆச்சி பேசும் சொற்கள் பாதிகூட இல்லை என்று ஆற்றங்கரை ஊர்க்காரர் ஒருவர் குறைப்படுகிறார். அவர் சொல்வது முற்றிலும் நேர்மையான செய்தி. இடைசெவலைச் சுற்றியுள்ள கரிசல்காட்டின் பேச்சைத் திரட்டிய நூல் அது. பருத்தியும் கம்பும் விளையும் மண்ணின் சொற்களை அதில் தேட வேண்டும், நெல்வயலின் சொற்களை அன்று. கோவில்பட்டிப் பக்கத்து வாசகர் அதே நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்குக் காரணமும் இதுவே. தனிமனிதர் ஒருவர் நண்பர்களின் துணையோடு, பல்கலைக்கழகத்தின் பின்பலம் இல்லாமல், ஒரு வட்டாரத்தின் சொற்களுக்கு அகராதி செய்ய முடியும் என்று காட்டிய முன்னோடி அது. தாமிரபரணிக் கரைக்கும் அப்படி ஓர் அகராதி வேண்டும் என்பது அந்தக் குறையைச் சொன்னவருக்குள்ளேயே இருக்கும் ஆசை என்று எனக்குப் படுகிறது. உங்கள் படிப்பகமே ஒரு நோட்டுப் போட்டு அந்த வேலையைத் தொடங்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பற்றி, புதிய சொல் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறார் ஒருவர். ஆறு தொகுதிகளாக 1924 முதல் 1936 வரை வெளிவந்து, 1939இல் பின்னிணைப்போடு நிறைவடைந்த அகராதி அது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் உள்ளன. அதில் இன்றைய அலுவலகச் சொல்லைத் தேடுவது பொருந்தாது. இலக்கியத்தில் ஒரு சொல் எங்கே ஆளப்பட்டது என்று இடஞ்சுட்டிச் சொல்வதே அதன் பெருமை. இன்னொரு சிறப்பையும் நம் ஊர்க்காரர்கள் கவனிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தில் மட்டும் வழங்கும் சொல் என்று தொகுத்தவர்கள் அறிந்த இடத்தில், அந்த வட்டாரத்தின் பெயரைச் சுருக்கக் குறியாகப் பக்கத்தில் இட்டிருப்பார்கள். திருநெல்வேலிக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த எஸ். வையாபுரிப்பிள்ளை நம் மாவட்டத்துக்காரர். முன்னுரையையும் சுருக்கக் குறி விளக்கத்தையும் படிக்காமல் அந்த அகராதியைக் குறைசொல்லும் எந்தக் கருத்தையும் பொருட்படுத்த வேண்டாம். இன்றைய எழுத்துத் தமிழுக்கு வேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதற்பதிப்பும், 2008இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பும், 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரப்பட்டிருப்பதால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒருசேரப் பயன்படுத்தலாம். விலை அதிகம் என்பது உங்கள் திரட்டில் அதைப் பற்றி வந்திருக்கும் ஒரே குறை. தினமும் பத்துப் பேர் புரட்டும் நூலுக்கு அந்த விலை தகும். பழைய பதிப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். லெக்சிகனையும் வின்சுலோ அகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம் என்பதால், அவற்றுக்காக அலமாரி செய்ய வேண்டியதில்லை.

தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகத்தைப் பற்றிய கருத்துகளைப் படித்தபோது எனக்கு வருத்தமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே வந்தன. பாளையங்கோட்டையில் வாழ்ந்து 2020இல் மறைந்த அவரை இந்த ஊர் தன் வீட்டுப் பெரியவராகவே எண்ணுகிறது. அதனால் புகழ்ச்சி மிகுந்திருக்கிறது, நூலின் உள்ளே இருப்பதைப் பற்றிய பேச்சுக் குறைந்திருக்கிறது. புகழாமல் எழுதிய ஒருவர், சிறு கட்டுரைகளில் பெரிய முடிவுகளுக்கு வந்துவிடுகிறார், சான்றுகளை விரித்துக் காட்டவில்லை என்கிறார். இந்தக் கருத்தை நீங்கள் ஒதுக்கக்கூடாது. உப்பும் தேங்காயும் உரலும் உலக்கையும் போன்ற அன்றாடப் பொருள்களிலிருந்து சமூக வரலாற்றைப் படிக்கக் கற்றுத்தரும் நூல் அது. வாசகரைக் கவனிக்கச் செய்வதே அதன் வேலை. அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. ஒரு முடிவுக்கு அவர் எவ்வளவு சான்று திரட்டுவார் என்று காண விரும்புகிறவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட அவருடைய அழகர் கோயில் ஆய்வைப் படிக்க வேண்டும். கள ஆய்வும் கல்வெட்டும் வாய்மொழி வழக்கும் அதில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் படித்தவர் தொ.ப.வைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு, புகழ்ச்சியானாலும் குறையானாலும், பாதித் தீர்ப்பே.

ராஜவல்லிபுரத்தவரான ரா.பி. சேதுப்பிள்ளையின் ஊரும் பேரும் (1946) எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஊர்ப்பெயர் விளக்கங்களில் கல்வெட்டுச் சான்றோடு வருபவற்றையும், சொல்லழகினால் மட்டும் நம்மை இழுத்துச் செல்பவற்றையும் வாசகர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908 என்ற நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றதனால் இப்போது எங்கும் கிடைக்கிறது. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, நம் ஊர்த் தெருக்களில் நடந்ததை அறிய அதை வாங்குங்கள். வ.உ.சி. அகவற்பாவில் எழுதிய சுயசரிதை பக்கத்தில் இருந்தால், அவர் குரலும் ஆவணங்களின் குரலும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம்.

அபிதான சிந்தாமணி (1910) புராணப் பெயர்களுக்கும் சமயக் கதைகளுக்கும் உதவும், வரலாற்றுத் தேதிக்கு உதவாது. பெரியசாமித் தூரன் பதிப்பில் 1954 முதல் 1968 வரை வந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் நாடுகளைப் பற்றிய எண்கள் எல்லாம் பழையவை. ஆனால் ஓர் அறிவியல் கருத்தைத் தெளிவான தமிழில் எப்படிச் சொல்வது என்று கற்க இன்றும் அதைவிட நல்ல பள்ளி இல்லை. இரண்டும் இணையத்தில் உள்ளன. தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளை (1909) இளைஞர்கள் தங்கள் சாதியின் பெருமையைத் தேடுவதற்கே புரட்டுகிறார்கள் என்பது திரட்டிய கருத்துகளிலேயே தெரிகிறது. அதை வாங்காதீர்கள், தேவைப்படும் ஆய்வாளர் தாமே தேடிக்கொள்வார்.

மா. கிருஷ்ணனின் மழைக்காலமும் குயிலோசையும் பறவைகளை அடையாளம் காண உதவவில்லை என்று கூந்தன்குளத்துக்குப் போய்வந்த ஒருவர் எழுதியிருக்கிறார். திருநெல்வேலியில் பிறந்த கிருஷ்ணனின் அந்நூல் கட்டுரைத் தொகுப்பு. ஒரு பறவையை எவ்வளவு பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று அது கற்பிக்கும். பூநாரையையும் மஞ்சள்மூக்கு நாரையையும் குளக்கரையில் நின்று பிரித்தறிய, படங்களோடு கூடிய கையேடு தனியாக வேண்டும். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் ஒரு குடும்ப மரபின் சமையல். சொதியையும் உளுந்தங்களியையும் கற்க உங்கள் ஊர்ப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். சமையல் நூலைப் பற்றிய கருத்தில், செய்து பார்த்தேன் என்ற சொல் இல்லையென்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சித்த மருத்துவ நூல்களுக்கு நேர்மாறான விதியைக் கைக்கொள்ளுங்கள். இந்நூலைப் பார்த்து நானே மருந்து செய்து உண்டேன், குணமானது என்று சொல்லும் கருத்துகளை உடனே நீக்கிவிடுங்கள். அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும் கூடாது. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி அரிய உழைப்பு. பழஞ்சுவடிகளின் குழூஉக்குறிகளையும் மூலிகைப் பெயர்களையும் விளக்குவதற்காக அது செய்யப்பட்டது. ஒரே மூலிகைக்கு ஊருக்கொரு பெயர் உண்டு, ஒரே பெயரில் வேறுவேறு செடிகளும் உண்டு. சில மருந்துகளில் பாதரசமும் பாடாணம் என்னும் நச்சுப் பொருளும் சேரும். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்து மக்கள் அங்குள்ள மருத்துவரைப் பார்க்க முடியும் என்னும்போது அகராதியைக் கொண்டு வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

வாங்கும் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். முதலில் க்ரியா அகராதியின் மூன்றாம் பதிப்பு; அடுத்து தொ.ப.வின் இரண்டு நூல்கள், கதைப்பாடல், வேங்கடாசலபதியின் நூல், கி.ரா.வின் அகராதி. பணம் மீந்தால் ஒரு பறவைக் கையேடு. கால்டுவெல்லையும் பேட்டையும் முதலில் இணையத்தில் படித்துப் பழகுங்கள். உறுப்பினர்கள் அவற்றை உண்மையிலேயே கேட்கத் தொடங்கியபின் அச்சுப்படி வாங்கலாம். ஒவ்வொரு நூலின் பின்னட்டை உட்புறத்திலும் ஒரு தாளை ஒட்டி, தேடியது என்ன, எந்தப் பக்கத்தில் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வாசகர்களை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், தேதி போதும். பழைய நூல்களின் மறுபதிப்புகளை வாங்கும்போது, மூலத்தில் இருந்த நிலப்படமும் பெயரடைவும் விடுபடாமல் இருக்கின்றனவா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். பெயரடைவு இல்லாத கெசட்டியரில் உங்கள் ஊரைக் கண்டுபிடிக்கவே அரைநாள் ஆகும்.